ஒரு வாய் மெத்தனால்

வண்டி வேலை பார்க்கிற உங்களில் பெட்ரோலை வாயால் இழுக்காதவர் ஒருவரும் இருக்க மாட்டார். டாங்கிக்குள் டியூப்பை விட்டு, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சி, எண்ணெய் ஏறி வருவது தெரிந்ததும் விரலால் அடைத்துக் கேனுக்குள் இறக்கிவிடுவீர்கள். கொஞ்சம் வாய்க்குள் போகும். துப்பிவிட்டு ஒரு டீ குடிப்பீர்கள். அதற்கு மேல் அதைப் பற்றி நினைக்க மாட்டீர்கள்.

நானும் நினைத்ததில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்து ராஜபாளையத்தில் ஒரு பட்டறையில் சேர்ந்தபோது முதன்முதலில் என்னைச் செய்யச் சொன்னது இந்த வேலையைத்தான். நான் இருமிக்கொண்டு, கண்ணில் நீர் வழியத் துப்பியபோது பட்டறையே கைதட்டியது. "பெட்ரோல் குடிக்காதவன் என்னலே மெக்கானிக்கு? கோயில்ல கொடுத்த ஞானஸ்நானம் வேற. இதுதான் உனக்கு நெச ஞானஸ்நானம்" என்றார் எங்கள் தலைமை மெக்கானிக். நான் கிறிஸ்தவன் என்பதால் எனக்கென்று செய்த கேலி அது. அன்று பெருமையாக இருந்தது. பின்னாளில் என் பட்டறைக்கு வந்தவர்களையும் அப்படியே சேர்த்துக்கொண்டோம். தொழில் என்றால் அப்படித்தான் என்று இருந்தோம்.

இப்போது நீங்கள் என்னிடம் வந்து, டர்போ எஞ்சினில் நைட்ரஸ் விடும்போது கூடுதல் எரிபொருளாக ஆல்கஹால் விடலாமா, அதைப் பீச்சும் ஜெட் எந்த அளவு, பம்பு எது என்று கேட்கிறீர்கள். அளவுகளைப் பட்டறையில் கேட்டுக்கொள்ளுங்கள். நான் பட்டறைப் பொறுப்பை விட்டு ஒதுங்கியாயிற்று. ஆனால் அந்த வேலையில் இறங்குவதற்கு முன் இதைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு போட்டி வண்டி வேலை எங்களிடம் வந்தது. சொந்தக்காரர் ரகு, ஊரில் நூற்பாலை வைத்திருந்தவரின் மகன். கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு பழைய விமான ஓடுதளத்தில் நேர்கோட்டு ஓட்டப் போட்டி நடத்துவார்கள். அதில் ஒருமுறையாவது ஜெயிக்க வேண்டும் என்பது அவருடைய வெறி. சென்னையில் பழைய ஜப்பான் எஞ்சின் ஒன்றை டர்போவோடு வாங்கி வந்திருந்தார். அதை ஒரு பழைய காருக்குள் உட்கார வைத்து, பாட்டிலில் அடைத்த நைட்ரஸும் கட்டினோம்.

நைட்ரஸ் எரிபொருள் அல்ல. ஆஸ்பத்திரியில் மயக்கம் கொடுக்கும் அதே வாயுதான். எஞ்சினுக்குள் சூட்டில் பிரியும்போது கூடுதலாக ஆக்சிஜன் கொடுக்கும். ஆக்சிஜன் கூடினால் எரிபொருளும் அதே கணக்கில் கூட வேண்டும். கூடாவிட்டால் பிஸ்டன் உருகும். முதல் வருடம் நாங்கள் பெட்ரோலையே கூடுதலாக விட்டோம். ஏற்கெனவே டர்போவின் சூடு, அதன் மேல் நைட்ரஸின் சூடு. பாதித் தூரத்தில் வண்டி நின்றுவிட்டது. பிரித்துப் பார்த்தால் பிஸ்டன் தலையில் ஐம்பது பைசா போகிற அளவுக்கு ஓட்டை. "நிக்கிறதுக்குச் செத்த முன்னாடி பறந்துச்சுண்ணே, அப்படி ஒரு இழுவை" என்றார் ரகு. பறக்கத்தான் செய்யும். எரிபொருள் போதாத எஞ்சின் சாவதற்கு முன்புதான் நன்றாக இழுக்கும். அதை நம்பி மிதிக்கிறவன் எஞ்சினைக் கையில்தான் எடுத்து வருவான்.

அதனால்தான் மெத்தனாலுக்கு வந்தோம். அது ஒருவகை ஆல்கஹால். உள்ளே போகும்போதே காற்றைக் குளிரவைக்கும், சூட்டில் தானாகத் தீப்பிடிக்காது, அதனால் எஞ்சின் உள்ளுக்குள் தட்டாது. பெட்ரோலைப் போல் இரண்டு மடங்கு விட வேண்டும் என்பதுதான் கணக்கு. டிக்கியில் அதற்கென்று தனியாக ஓர் அலுமினிய டாங்கி, தனி பம்பு வைத்தோம். நைட்ரஸ் திறக்கும்போது மட்டும் மெத்தனாலும் திறக்கும்.

மெத்தனாலுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. தேங்கிக் கிடந்தால் அலுமினியத்தை அரிக்கும், காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும், ரப்பரை உப்ப வைக்கும். ஆகவே ஓட்டி முடித்ததும் அன்றன்றைக்கு டாங்கியைக் காலி செய்துவிட வேண்டும் என்று பட்டறையில் சட்டம் வைத்திருந்தேன். டாங்கிக்கு அடியில் ஒரு வடிகால் திருகு இருந்தது. அதன் ரப்பர் வாஷர் உப்பிக் கசியத் தொடங்கியதால் அந்தத் திருகை அடைத்துவிட்டோம். புதிய வாஷர் வரும்வரை மேல் வாயிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

வாங்குவதற்கு முன், எங்கள் ஊர்க் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்த ஒருவரிடம் போய் இதைப் பற்றிக் கேட்டேன். டிப்ளமோ படித்தவன்தான் என்றாலும் ரசாயனம் எனக்குப் பழக்கமில்லாத சங்கதி. அவர் பொறுமையாகச் சொன்னார். "இது உள்ளே போனால் உடனே ஒன்றும் செய்யாது. அதுதான் இதன் வஞ்சகம். ஒரு ராத்திரி சும்மா இருக்கும். கல்லீரல் இதை வேறொரு விஷமாக மாற்றும். அந்த விஷம் முதலில் தேடிப்போவது கண் நரம்பை." இதற்கு முறிவு உண்டா என்று கேட்டேன். சிரித்தார். "உண்டு. குடிக்கிற ஆல்கஹால். கல்லீரலுக்கு அதைக் கொடுத்தால் மெத்தனாலை விட்டுவிட்டு இதன் பின்னால் போய்விடும். ஆனால் அளவு டாக்டர் கையில்தான் இருக்க வேண்டும். விளையாட்டில்லை." நானும் சிரித்துவிட்டு வந்தேன்.

கேன் மேல் சிவப்புப் பெயின்டில் 'விஷம்' என்று எழுதி மண்டையோடும் வரைய வைத்தேன். எழுதியது என் மகன் ஜான்சன். ஐ.டி.ஐ. முடித்து என்னோடுதான் வேலை பார்த்தான். வண்டியை ஓட்டுவதும் அவன்தான். ரகுவே, "ஜானு ஓட்டுனாத்தான் வண்டி நேராப் போகுது" என்று ஒதுங்கிக்கொண்டார். இதைக் குடிக்கக் கூடாது என்பது பட்டறையில் எல்லாருக்கும் தெரியும். குடிக்கவும் யாருக்கும் தோன்றவில்லை. டியூப்பில் வாய் வைத்து இழுப்பதும் குடிப்பதுதான் என்பது மட்டும் எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

போட்டிக்கு முந்தைய கடைசி ஓட்டத்தைப் பிளவக்கல் அணைக்குப் போகும் ரோட்டில் வைத்துக்கொண்டோம். ஆள் நடமாட்டமில்லாத நேர் ரோடு. இரண்டு முனையிலும் சிவப்புத் துணியோடு மில் ஆட்கள் நின்றார்கள். வெயில் ஏறியிருந்தது. ஜான்சன் உள்ளே உட்கார்ந்து பெல்ட்டைக் கட்டிக்கொண்டான்.

கிளம்புவதற்கு முன் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. நான் ஜன்னல் அருகில் நின்று கேட்பேன். அவன் ஒவ்வொரு மீட்டராகப் பார்த்து அழுத்தத்தைச் சத்தமாகச் சொல்வான்.

"பாட்டிலு?"

"தொள்ளாயிரம்."

"ஆயிலு?"

"நாப்பது."

"ஆல்கஹால்?"

"அறுபது."

நான் நிமிர்ந்தேன். "எம்புட்டு?"

"அறுபதுப்பா."

"பம்பு சுவிட்சு என் கையில இருக்குலே. நான் இன்னும் போடவே இல்லியே."

மீட்டரில் முள் பூஜ்யத்தில் படுத்துக் கிடந்தது. ரகு சிரித்தார். "ஏலே ஜானு, வாய்ப்பாடா ஒப்பிக்க?"

"கண்ணாடில வெயிலு அடிக்கு. சரியாத் தெரியல" என்றான் ஜான்சன்.

நான் குனிந்து என் நிழலை மீட்டர் மேல் விழவைத்தேன். "இப்பம் தெரியுதா?"

அவன் முகத்தைக் கொண்டுபோனான். இன்னும் கொண்டுபோனான். மூக்கு கண்ணாடியில் முட்டுகிற மட்டும் போய்விட்டு நின்றான். "என்னமோ பஞ்சு பறக்கிற மாதிரி இருக்குப்பா. மில்லுல கார்டிங்கு பக்கம் போனா இருக்கும்லா, அது மாதிரி."

"மில்லு எங்கப்பாவுது, பஞ்சு இவன் கண்ணுல. நல்ல கூத்துதான்" என்றார் ரகு.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "எப்பருந்துலே?"

"காலையில எந்திரிச்சதுல இருந்து. தலைவலி வேற. வயிறு ஒருமாதிரி பிசையுது. அம்மாட்டச் சொல்லிராதிய, வண்டியத் தொடவே விடமாட்டா."

"நேத்து டாங்கிய எப்படிக் காலி பண்ணுன?"

"எப்பவும் போலத்தான்."

"டியூப்பு போட்டா?"

"ஆமா."

"வாயாலயா?"

"பொறவு எதால இழுப்பாக?"

"முழுங்குனியா?"

"கொஞ்சம் போச்சு. பெட்ரோல் மாதிரி நாத்தமும் இல்ல, எரியவும் இல்ல. தண்ணி கணக்கா சரசரன்னு வந்துட்டு. துப்புறதுக்குள்ள ஒரு வாய் உள்ள போயிருச்சு. ஒரு கலரு சோடா வாங்கிக் குடிச்சேன், சரியாப் போச்சு. இதுக்கா இந்த விசாரணை?"

பெட்ரோல் நாற்றமெடுத்து நம்மைக் காப்பாற்றுகிறது. தொண்டையைச் சுட்டு, துப்ப வைக்கிறது. மெத்தனால் நம்மை எச்சரிப்பதில்லை.

நான் கதவைத் திறந்து அவன் பெல்ட்டைக் கழற்றினேன். இரண்டு தடவை தவறித்தான் கொக்கி விட்டது. "இறங்கு" என்றேன். அவன் ரகுவைப் பார்த்தான். "ஓட்டிட்டு வந்து போவம்பா. ஒரு ஓட்டந்தான்." "இறங்குலே!" என்று நான் போட்ட சத்தத்தில் சிவப்புத் துணிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

காரணத்தைச் சொன்னதும் ரகுவின் முகம் மாறிவிட்டது. நல்ல மனிதர். பதறியவர் எல்லாரும் செய்வதை அவரும் செய்தார், கையில் கிடைத்த யோசனையையெல்லாம் எடுத்து வீசினார். முதலில் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைப்போம் என்றார். நேற்று விழுங்கியது இன்று வயிற்றில் இருக்காது, ரத்தத்தில் இருக்கும் என்றேன். அடுத்து, "இந்த வண்டியிலயே போவம்ணே. மதுரைக்குப் பறந்துரலாம்" என்றார். அந்த வண்டியில் அன்றுதான் புது ஜெட் மாட்டியிருந்தோம். அது ஒருமுறைகூட முழுத்தூரம் ஓடிக் காட்டாத வண்டி. கூட வந்த மில்லின் பழைய டீசல் ஜீப்பைக் காட்டினேன். "வேகமாப் போற வண்டி வேண்டாம் தம்பி. நிக்காமப் போற வண்டி போதும்."

நான் பின்னால் ஜான்சனோடு உட்கார்ந்தேன். ரகு ஓட்டினார். மெத்தனால் கேனையும் தூக்கி உள்ளே வைக்கச் சொன்னேன். சுந்தரபாண்டியம் தாண்டியபோது ஜான்சன் வாந்தி எடுத்தான். மூச்சு ஓடிவந்தவனுக்குப் போல் இரைத்தது. இது தூசி, இது வெயில் என்று அதுவரை பேசிக்கொண்டிருந்தவன் பேச்சை நிறுத்தினான்.

பெரிய ரோட்டைத் தொட்டதும் இடப்பக்கம் மதுரை, வலப்பக்கம் ஸ்ரீவில்லிபுத்தூர். ரகு இடப்பக்கம் ஒடித்தார்.

"வலத்த போங்க" என்றேன்.

"அண்ணே, மதுரையில பெரிய ஆஸ்பத்திரி. எல்லா வசதியும் இருக்கு."

"இருக்கு. அங்க போய்ச் சேருத வரைக்கும் இவன் கல்லீரலு சும்மா இருக்காது. ஸ்ரீவில்லிபுத்தூருதான் கிட்ட. முதல் மருந்து உள்ள போவட்டும். பொறவு மதுரை."

வலப்பக்கம் திருப்பினார். கொஞ்ச தூரம் போனதும், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே தணிந்த குரலில் சொன்னார். "அண்ணே, மெத்தனால்னு சொல்லாதிய. அத வாங்குற லைசென்ஸு மில்லு பேருல இருக்கு. போலீசு, கேசுன்னு ஆயிரும். ஏதோ ஓட்டல்ல தின்னது ஒத்துக்கலன்னு சொல்லுவம்."

அவருக்கு அது நியாயமான பயம். அவர் அப்பாவின் மில்லுக்கே ஆபத்து வரலாம். என் மகன் தலை என் மடியில் இருந்தது. "தம்பி, டாக்டர்ட்ட நான் பேரச் சொல்லப் போறேன். அதுக்கு மேல எது வந்தாலும் ரெண்டு பேருமாப் பாப்போம்" என்றேன். ஜீப் வேகம் குறையவில்லை.

ஆஸ்பத்திரியில் டூட்டியில் இருந்தவர் ஓர் இளம் பெண் டாக்டர். ஜான்சனின் மூச்சைப் பார்த்ததுமே அவர் முகம் இறுகியது.

"எங்கே குடிச்சான்?"

"குடிக்கல டாக்டர். வண்டிக்கு ஊத்துற மெத்தனால். நேத்து டியூப்பு வச்சு வாயால இழுத்ததுல ஒரு வாய் உள்ள போயிருக்கு. இப்பக் கண்ணுல பஞ்சு பறக்குதுங்கான்."

"மெத்தனால்தானா? நல்லாத் தெரியுமா?"

"நான் வாங்குனது. கேனு வெளிய ஜீப்புல இருக்கு."

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். "படிக்கும்போது விஷச்சாராயம் குடிச்சு வந்தவங்களைப் பார்த்திருக்கேன். என்ன குடிச்சாங்கன்னு வீட்டு ஆளுங்க கடைசி வரைக்கும் சொல்ல மாட்டாங்க. நாங்க கண்டுபிடிக்கிறதுக்குள்ள பாதிப் பேருக்குக் கண்ணு போயிடும். நீங்க சொல்லிட்டீங்க." அதோடு பேச்சை விட்டு வேலையில் இறங்கினார். ஊசி ஏறியது, பாட்டில் தொங்கியது. பிறகு ரகுவைக் கூப்பிட்டார். "ஊசியாப் போடற ஆல்கஹால் இங்க கைவசம் இல்ல. வாய் வழியாத்தான் கொடுக்கணும். சீல் உடைக்காத பிராந்தி ஒண்ணு வேணும். சீக்கிரம்."

ரகு ஓடினார். அவருக்குக் கடை தெரியும். போகிற வழியிலேயே போன் பூத்தில் நின்று என் மனைவி எஸ்தரை அழைத்துவர மில் காரை அனுப்பச் சொல்லியிருக்கிறார். அது எனக்குத் தெரியாது.

சர்ச்சில் திருவிருந்து நாளில் உதட்டில் படும் திராட்சை ரசத்தைத் தவிர எங்கள் வீட்டில் எவர் வாயிலும் மது பட்டதில்லை. டாக்டர் அளந்து, தண்ணீரும் குளுக்கோஸும் கலந்து தம்ளரை என் கையில் கொடுத்தார். வாசனைக்கே ஜான்சன் முகத்தைத் திருப்பினான்.

"நாத்தம் தாங்கலப்பா. முடியல."

"குடிலே."

"அம்மா அறிஞ்சா கொன்னுருவா."

"நாஞ் சொல்லுதேன். குடிலே!"

வாசலில் எஸ்தர் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. "என்னங்க இது? பிள்ளைக்கு என்னத்த ஊத்துறிய?"

"பிராந்தி" என்றேன். வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

டாக்டர்தான் திரும்பி நின்று சொன்னார். "அம்மா, உள்ளே போன விஷத்துக்கு இதுதான் முறிவு. இது போகப் போகத்தான் கண்ணு நிலைக்கும்."

எஸ்தர் தம்ளரைப் பார்த்தாள். மகனைப் பார்த்தாள். செருப்பை உதறிவிட்டு உள்ளே வந்தாள். "உங்க கை நடுங்குது. பாதி கீழ சிந்துறிய. இங்க தாங்க." என் கையிலிருந்து வாங்கி, மகன் தலையைத் தன் இடுப்போடு சாய்த்துப் பிடித்தாள். "குடிய்யா. எது குடி, எது மருந்துன்னு ஆண்டவருக்குத் தெரியும். ஒரே மடக்கா."

குடித்தான். அவள் கைப்பட்ட தம்ளர் ஒரு சொட்டு சிந்தவில்லை.

கொஞ்சம் நிதானப்பட்டதும் ஆம்புலன்ஸில் மதுரைக்கு அனுப்பினார்கள். கூட வந்த நர்ஸ் அளவு தவறாமல் கொடுத்துக்கொண்டே வந்தார். பாதி வழியில் ஜான்சனுக்குப் போதை தலைக்கேறிவிட்டது. வாழ்நாளில் என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத பிள்ளை, ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி விரலை நீட்டினான்.

"யோவ் சாலமோன்! ஜெட்டு சின்னதுய்யா. அன்னிக்கே சொன்னேம்லா. நீரு கேட்டீரா? படிச்ச திமிரு ஓமக்கு."

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டார். எஸ்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். "உள்ளுக்குள்ள இம்புட்டு வச்சிருந்திருக்கானா பாவி?"

ஜெட் விஷயத்தில் அவன் சொன்னது சரிதான். அதைப் பிறகு அளந்து பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

மதுரையில் ரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள். உயிருக்கு இனிப் பயமில்லை என்று பெரிய டாக்டர் சொன்னார். ஸ்ரீவில்லிபுத்தூரில் நிறுத்தி மருந்து கொடுத்தது நல்லதாயிற்று என்றும் சொன்னார். கண்ணைப் பற்றிக் கேட்டபோது மட்டும், "பார்ப்போம்" என்றார். அந்த ஒரு சொல்லோடு நாங்கள் நாட்களைக் கழித்தோம். போலீஸ் வந்தது, கேட்டது. ரகு தானே முன்னால் வந்து எல்லாவற்றையும் சொன்னார். அவருடைய அப்பா அவரை என்ன சொன்னாரோ, எனக்குத் தெரியாது. போட்டி வந்து, போனது. நாங்கள் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

மிச்சத்தைச் சொல்வதற்கு முன் நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

ஆல்கஹாலை நான் விட்டுவிடவில்லை. அதற்குப் பிறகும் வண்டிகளில் கட்டினேன். ஊருக்குத் திரும்பிய அன்றே டாங்கிக்கு அடியில் மெத்தனாலுக்குத் தாங்குகிற வாஷரோடு நல்ல குழாய் வைத்தேன். பட்டறையில் கைப்பம்பு ஒன்று வாங்கி மாட்டினேன். அதன் பிறகு என் பட்டறையில் எந்த டியூப்பிலும் எவரும் வாய் வைத்ததில்லை. மெத்தனால் என்றில்லை, பெட்ரோலானாலும் டீசலானாலும் பச்சைத் தண்ணீரானாலும் இதுதான் சட்டம். வாய் பழகிவிட்டால் கேனில் என்ன இருக்கிறது என்று பார்க்காது. அந்த ஞானஸ்நானக் கேலியையும் அன்றோடு நிறுத்தினேன். ஒருவர் என் கண் முன்னாலேயே பழக்கதோஷத்தில் டியூப்பை வாய்க்குக் கொண்டுபோனார். என்னைவிட மூத்தவர், நல்ல வேலைக்காரர். அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிட்டேன். கல்நெஞ்சுக்காரன் என்றார்கள். சொல்லட்டும்.

யாராவது விழுங்கிவிட்டால், நன்றாகத்தானே இருக்கிறான் என்று காத்திருக்காதீர்கள். நன்றாக இருக்கும் நேரம்தான் நமக்குக் கிடைத்த நேரம். வீட்டில் வைத்து நீங்களே பிராந்தி ஊற்றவும் வேண்டாம். கிட்டத்தில் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உள்ளே போனது என்ன என்று அதன் பெயரைச் சொல்லுங்கள். கேஸ் வரும், அபராதம் வரும், முதலாளி கோபிப்பார். சொல்லுங்கள்.

எனக்கு இன்னும் சரியாகவில்லை. தெருவில் யாரோ தொட்டியிலிருந்து தண்ணீர் எடுக்க டியூப்பை வாயில் வைத்தால்கூடப் போய்ப் பிடுங்கிவிடுவேன். பைத்தியம் என்று நினைப்பார்கள்.

மதுரையில் எங்கள் வார்டு மாடியில் இருந்தது. ஜன்னலுக்குக் கீழே ரோடு, எதிரே பஸ் நிற்கும் இடம். ஒரு காலையில் ஜான்சன் ஜன்னலோரம் நின்று, "அம்மா, அந்தா நம்மூரு பஸ்ஸு. ராஜபாளையம்னு போட்டிருக்கு" என்றான். எஸ்தர் கையைக் கூப்பினாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. முள் பூஜ்யத்தில் கிடக்கும்போது அறுபது என்று சொன்னவன் அவன். அந்த பஸ்ஸின் நிறத்தைப் பார்த்தாலே எங்கள் ஊர்க்காரன் எவனும் பெயரைச் சொல்லிவிடுவான். அம்மாவைத் தேற்றுவதற்காகச் சொல்கிறானோ?

நான் படியிறங்கிப் போய் ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் நின்றேன். மேலே பார்த்து, ஒரு கண்ணை மூடிக்கொள்ளும்படி சைகை காட்டினேன். இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டான். நான் விரலைத் தூக்கினேன்.

"மூணு!" என்று கத்தினான். மாற்றினேன். "ரெண்டு! அஞ்சு! இப்பம் ஒண்ணு!" எல்லாம் சரி. டீக்கடையில் நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். "என்ன சார், ஏலம் எடுக்கீகளா?" என்றார் ஒருவர்.

அடுத்த கண்ணைக் காட்டினேன். வலது கண்ணைப் பொத்தினான். நான் நான்கு விரல் காட்டினேன். அவன் நெடுநேரம் பார்த்தான். "ரெண்டா?" என்றான்.

நான் கையை இறக்காமல் ரோட்டில் இறங்கினேன். ஒரு சைக்கிள்காரர் திட்டிக்கொண்டே ஒதுங்கினார். நடு ரோட்டில் நின்று மறுபடி காட்டினேன். "தெரியலப்பா. பஞ்சாத்தான் இருக்கு." இன்னும் நடந்தேன். ரோட்டைக் கடந்து, ஆஸ்பத்திரிச் சுவரோரம் ஜன்னலுக்கு நேர் கீழே வந்து, கையை முடிந்த மட்டும் மேலே தூக்கினேன்.

"நாலு" என்றான். பிறகு தலையை வெளியே நீட்டிக் குனிந்து பார்த்தான்.

"எதுக்குப்பா அழுவுறிய?"

வலது கண்ணைப் பொத்தியிருந்த கையை அவன் இன்னும் எடுக்கவில்லை.